எட்டாவது செருப்பு

‘மௌனமே விடை’ என்று அந்த விமர்சனத்துக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். அண்ணன் அதைக் காலையில் எனக்கு அனுப்பி, கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். எங்கள் கணினி விளையாட்டின் கடைசியில் ஒரு கதவு திறப்பதே இல்லையாம். நாம் தேடி அலைந்த பதில் அதற்குப் பின்னால்தான் இருக்கிறதென்று தெரிந்தும் நம்மை வெளியிலேயே நிறுத்திவைக்கிறதாம். இப்படியொரு மௌனத்தை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று விமர்சகர் எழுதியிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் ‘என்ன?’. இரண்டு என்றால் ‘உன்னைத்தான்’. மூன்று வரைக்கும் போகவிட்டால் அன்றைய பொழுது யாருக்கும் நன்றாக இருக்காது. இரண்டாவது விழுவதற்குள் போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, மூச்சு அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒரு மெல்லிய துணித்துண்டு தொங்கும். கோபம் வந்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். இப்போதும் அடித்துக்கொண்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். குழந்தைகள் எழுதி அழிக்கும் பலகை ஒன்று எப்போதும் அவள் பக்கத்திலேயே இருக்கும். அதை இழுத்து, ‘மௌனமா? யாரைக் கேட்டு?’ என்று எழுதினாள். எழுதுகோல் பலகையைக் கிழித்துவிடும் போலிருந்தது.

மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜையில் வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். கரண்ட் போனால் ஊரே திட்டுவது அவளைத்தான். அங்கே வாயை மூடிக்கொண்டு வாங்கியதையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டுக்கு வந்து எங்களுக்குக் கொடுப்பாள். அவள் திட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் இப்போது நடந்தது, பிறகு இதற்கு முன்பு நடந்தது, கடைசியில் இனிமேல் நடக்கப்போவது. கேட்கிறவர் நடுவில் சிரித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அப்பாவே சிரிப்பை அடக்கமுடியாமல் மாடிக்கு ஓடியிருக்கிறார். குரல் போனபிறகு அவள் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டது இந்த ஒன்றைப் பற்றித்தான். திட்டுவதற்கு வேகம் வேண்டும். பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அது ஆறி அவலாகிவிடுகிறது.

விளையாட்டை நானும் அண்ணனும் சேர்ந்து செய்தோம். கதை, புதிர், வசனம் என்னுடையவை. கணினியில் அதை ஓடவைப்பதும் வெளியே கொண்டுபோய் விற்பதும் அவன் பொறுப்பு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருடைய இடதுகால் செருப்பும் காணாமல் போகிறது. லிப்ட் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கின் செருப்பும் போய்விடுகிறது. வேறு வழியில்லாமல் அவரே துப்பறிகிறார், ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே. மூடிய கதவுக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்தினால் கதவைத் தட்டுவார். ஒரு வீட்டில் வாஷிங் மெஷினோடு வாதாடி ஜெயிக்க வேண்டும், இன்னொரு வீட்டில் மீன்தொட்டி மீனைத் தூங்கவைக்க வேண்டும். எட்டுச் செருப்பையும் கண்டுபிடித்து வாசல் அலமாரியில் வைத்தால் கீழ்த்தளத்துக் கதவு திறக்கும். உள்ளே திருடி இருப்பாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, துப்பறிய வந்தவரையே பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்தத் திட்டோடு விளையாட்டு முடியும்.

திருடியின் குரல் அம்மாவுடையது. துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துப் பதிவு செய்தேன். நான் எழுதிக்கொடுத்ததைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பது மாதிரி இருந்தது. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, எதிரே டிடெக்டிவ் நிற்பதாக நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டச் சொன்னேன்.

“எனக்கு டிடெக்டிவ் எவனையும் தெரியாது. உங்கண்ணனை நினைச்சுக்கறேன்.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவது, பேசும்போதும் ஒரு கண் போனில் இருப்பது, கேட்டால் மீட்டிங் என்பது எல்லாம் வரிசையாக வந்தன. திருடி செருப்பை விற்கத் திருடுகிறாள் என்று நான் சப்பையாக ஏதோ எழுதிவைத்திருந்தேன். அம்மா பேச்சுவாக்கில், “செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சாத்தான் நீ போக மாட்ட” என்றாள். போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். பிறகு கதையையே அந்த ஒரு வரிக்காக மாற்றி எழுதினேன். அவள் தொண்டை அப்போதே கமறிக்கொண்டிருந்தது. என்னவென்று எங்களுக்குத் தெரியாது. இருமினாள், தண்ணீர் குடித்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முடித்தது இப்படி: “எங்க கிளம்பற? உக்காருடா. நான் இன்னும் முடிக்கல.”

அதற்கப்புறம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு, பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். ‘நானே பேசி நானே கேக்கவா? திட்டுன்னா வாங்க ஆள் வேணும்’ என்று எழுதினாள். விளையாட்டு வெளிவந்ததும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் தன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். மின்சார அலுவலகத்துக் கணக்கை மொத்தமாக நேர்செய்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பக்கத்து வீட்டு டீச்சரிடம் பலகையில் எழுதிக்காட்டி, விளையாட்டு வரும் தேதியைக்கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

தேதி வந்தது, விளையாட்டும் வந்தது, கதவு திறக்கவில்லை. காரணத்தை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றாவது மாடியில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே மாதிரி செருப்பு. ஒன்று கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கவைப்பதுதான் அங்கே புதிர். வெளியிடுவதற்கு முன்னால் கடைசி நேரச் சுத்தம் செய்த அண்ணன், ஒரே பொருள் தவறுதலாக இரண்டு தடவை இருக்கிறது என்று ஒன்றை அழித்துவிட்டான். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் முன்பே பாதிவரை ஆடிச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்திலிருந்து தொடர்ந்தவர்கள். அவர்கள் கையில் அந்தச் செருப்பு ஏற்கெனவே இருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அலமாரி எட்டுச் செருப்புக் கேட்கிறது, விளையாட்டுக்குள் ஏழுதான் இருக்கிறது. அதைத் திரும்ப வைக்க அவனுக்கு அரை மணி நேரம் போதும். தப்பு எல்லோருக்கும் நடக்கும். அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

முதல் வாரம் எல்லோரும் காறித் துப்பினார்கள். கதவு திறக்கவில்லை, ஏமாற்று வேலை, பணத்தைத் திருப்பிக் கொடு. அதுதான் நியாயம். சரிசெய்யலாம் என்று அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது பார்த்து, விளையாடி வீடியோ போடுகிற ஒருவர் அந்தக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, “ஒருவேளை இது திறக்கறதுக்கு இல்லையோ?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது கதை. காறித் துப்பிய அதே வாய்கள் ஆகா ஓகோ என்றன. ஒரு பேராசிரியர் காத்திருத்தலின் தத்துவம் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு பெண் அந்த மூடிய கதவைக் கையில் பச்சை குத்திக்கொண்டாள். வேறொரு பெயரில் நான் விளையாடுகிறவர்களுடைய இணைய மன்றத்துக்குப் போய், ஒரு செருப்புக் குறைகிறது, அதனால்தான் திறக்கவில்லை, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்று எழுதினேன். எனக்கு ரசனை போதாது என்றார்கள். இந்த விளையாட்டு உனக்குப் புரிந்திருக்காது, சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருக்கிறது, அதைப்போய் ஆடு என்று ஒருவன் அறிவுரை சொன்னான். எழுதியவளுக்கே புரியவில்லையாம்!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அண்ணன் ஒரு பேட்டி கொடுத்தான். கதவு திட்டமிட்டதுதானா என்று கேட்டார்கள். தாடையைத் தடவிக்கொண்டு, “சில கதவுகள் மூடியே இருக்கணும்” என்றான். அந்தப் பேட்டியை அம்மாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். கதவை எப்போது சரிசெய்வாய் என்று நான் போன் செய்து கேட்டபோது, விருதுப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது, விற்கிற கம்பெனிக்காரர்கள் எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள் என்று பூசி மெழுகினான். அப்புறம் பார்க்கலாம் என்றான். எப்புறம் என்று கேட்டேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

இன்றைக்கு இந்த மௌன விமர்சனம். அம்மா எழுந்துபோய் வெளியே போகும் உடையை மாற்றிக்கொண்டு வந்தாள். கழுத்துக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டாள். எங்கே என்று கேட்காமல் நானும் கூடக் கிளம்பினேன்.

அண்ணனுடைய அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்தக் கதவு. ஆளுயரத்துக்கு, மூடியபடி. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் அந்தக் கதவு அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள். காபிக் கோப்பையிலும் கதவு. அம்மா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். உள்ளே ஒரு பெரிய அறை. வருகிறவர்கள் ஆடிப்பார்க்க அங்கே அகலமான திரையில் விளையாட்டை ஓடவிட்டிருந்தார்கள். அண்ணன் வந்து அறை வாசலில் நின்றான். “வாம்மா, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே” என்றான். ஒரு கண் போனில் இருந்தது. அம்மா பலகையைத் திருப்பிக் காட்டினாள். வீட்டிலேயே எழுதி எடுத்து வந்திருக்கிறாள். ‘கதவைத் திற.’

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். நிறைய பேருடைய உழைப்பு இதில் இருக்கிறது, இப்போது திறந்தால் அது தப்பு என்று வெளியே தெரிந்துவிடும், பேட்டியில் வேறு சொல்லியாகிவிட்டது, ஊர் சிரிக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். குரல் போனவர்களுக்குக் காதும் மந்தம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெற்ற பிள்ளையும் அப்படித்தானா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு நீ கேட்டிருக்கியா?”

“சத்தம் சரியா விழுதான்னு ஆரம்பத்துல கொஞ்சம் கேட்டேன். திருடியா அம்மா யாரையோ திட்டறா. ஏன்?”

“யாரையோ இல்லண்ணா. உன்னை.”

அவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மா அதற்குள் அவனைத் தாண்டிப் போய்த் திரைக்கு முன்னாலிருந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கையில் பிடித்து ஆடும் கருவியை எடுத்துக்கொண்டாள். வீட்டில் இந்த விளையாட்டை எத்தனையோ தடவை ஆடியிருக்கிறாள், ஏழு செருப்பு வரைக்கும். மெக்கானிக்கை நொண்ட நொண்டப் படியில் இறக்கினாள். வாசல் அலமாரியைத் தாண்டி, குழாய்கள் ஓடும் நடையைத் தாண்டி, கீழ்த்தளத்துக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள். டொக்.

மறுபடி அழுத்தினாள். டொக், டொக். நல்ல ஒலிபெருக்கிகள், அறை முழுக்கக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வந்த நான் மூன்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கதவுச் சட்டை போட்ட பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள். அம்மா விடவில்லை. கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது, கழுத்துத் துணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் குரல் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவள் இந்தப் பக்கம் நின்று தட்டுகிறாள். சுற்றி நிற்கிற பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

“அம்மா, போதும்மா. எல்லாரும் பாக்கறாங்க” என்றான் அண்ணன். டொக். “நான் அவங்ககிட்ட பேசறேன், கொஞ்சம் டைம் குடு.” டொக் டொக். அவன் போன் அடிக்க ஆரம்பித்தது. யார் என்று பார்த்தான், அதை எடுக்கும் சாக்கில் வெளியே போக ஒரு அடி திரும்பினான்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் கருவியிலிருந்து விடுவித்து, பக்கத்திலிருந்த காலி நாற்காலியைச் சுட்டிக்காட்டினாள். வலது கட்டைவிரல் நிற்கவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். திரையில் ஒற்றைச் செருப்போடு நின்ற மெக்கானிக் கையை ஓங்கி மறுபடியும் கதவைத் தட்டினார்.