கோட்டையில் முழங்காலிட்டவள்

கோபம் வந்தால் என் நாக்கு நில்லாது. அது தெரிந்துதான், காட்டாக்கடையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி புஷ்பபாய் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சங்கதி இதுதான். எங்கள் மகள் லிஷா ஜப்பானில், ஒகினாவா தீவில், முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். யாரோ எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். மலையுச்சியில் இடிந்த கோட்டை. ஒரு கல்லைப் பார்த்து முழங்காலிட்டுக் குனிந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அப்பா ராஜையா, தங்கள் ஊர்ச் சபைக் கமிட்டியின் செயலாளர். "கல்லெ கும்பிடுத பிள்ளெயெ நான் எப்படி மருமவளா எடுப்பேன், அண்ணே?" என்றார்.

சர்ச்சில் கல்யாண அறிவிப்பும் வாசித்தாயிற்று. இப்போது நின்றுபோனால் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வீடியோ காலில் அவளையே கூப்பிட்டு, போனை ராஜையா பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"மாமா, அது பழைய ராஜாக்க கோட்டையாக்கும்" என்றாள் லிஷா. "அறுநூறு வருஷம் முன்னே சண்டையில தோத்துப் போனாரு. கூரையும் வாசலும் போச்சு. மலைக்க வளைவுக்கு வளைஞ்ச மதிலு மட்டும் உண்டு. ஆனா உள்ள இருக்க பிரார்த்தனைக் கல்லெ ஜனங்க இண்ணும் விடல்ல."

"ஒனக்கு அங்க என்ன காரியம்?" என்றார் ராஜையா.

"ஹிகா சாருக்கு உண்டு. முப்பது வருஷமா வாறவங்களுக்கெல்லாம் அந்தக் கோட்டைக்க சரித்திரம் சொன்னவரு. பக்கவாதம் வந்து இப்போ எங்க இல்லத்தில கிடக்காரு. வீல்சேர்ல கொண்டு போய் கல்லுக்கு முன்னால இறக்கி இருத்தினேன். கை கூப்ப முடியாம அழுதாரு. பின்னால முழங்காலிட்டு அவருக்க கையெ நான் சேத்துப் பிடிச்சேன். படத்தில எனக்க முதுகு அவரெ மறைச்சிட்டு."

ராஜையா இளகவில்லை. "இனி செய்யமாட்டேண்ணு ஒரு வாக்கு சொல்லு. போரும்."

"வாற ஞாயித்துக்கிழமையும் கொண்டு போவேண்ணு சொல்லியாச்சு, மாமா."

இந்தச் சம்பந்தம் இதோடு முறிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் அவள் பொய் சொல்லாதது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ராஜையாவின் மனைவி ஜெஸி புருஷனைப் பார்த்தாள். "நம்ம பின்னறையில ஒங்க அண்ணன் நாலு வருஷமா இப்படித்தானே கிடக்காரு? தினம் பக்கத்தில நிண்ணு ஜெபம் பண்ணுதோம். அவருக்க கையெ ஒருக்காவது சேத்துப் பிடிச்சோமா?"

ராஜையா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மக்கா, அண்ணனுக்கு விளங்காம போனது வலது கையாக்கும். தொட்டாலே வலிக்குதுண்ணு அழுவாரு. நீ அந்த சாருக்க கையெ எப்படிப் பிடிச்சே? கொஞ்சம் காட்டு."