கழற்றி வைத்த மின்விசிறி

"மேசையைக் காலி பண்ணு செசிலியா, தூக்கிட்டு வராங்க" என்று அடுத்த குவாட்டர்ஸ் மகதலேனா அக்கா குரல் கொடுத்ததும், செசிலியா மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளின் நான்கு மூலைகளையும் கூட்டிப் பிடித்து, அதிலிருந்ததை அப்படியே பிஸ்கட் டின்னுக்குள் கொட்டினாள். கழற்றிய மின்விசிறியின் ஸ்குரு, நட்டு, வாஷர், செம்புக்கம்பித் துண்டு எல்லாம் கலகலவென்று விழுந்தன. இன்று காலை பத்து மணி வரைக்கும் அவற்றைத் தொட அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. கழற்றிய வரிசையிலேயே அவை இருக்க வேண்டும். ஒரு வாஷர் இடம் மாறினாலும் அவள் கணவர் கிரிகரி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

இப்போது அந்தக் கிரிகரியைத்தான் நான்கு பேர் உள்ளறையிலிருந்து தூக்கி வந்து மேசையில் கிடத்தினார்கள். குளிப்பாட்டி, கோயிலுக்குப் போடும் வெள்ளைக் கோட்டை மாட்டி, தாடையைச் சேர்த்து மகதலேனா அக்கா வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். ஆள் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். அப்படித் தோன்றியதற்காகச் செசிலியா தன்மேலேயே கோபப்பட்டாள். அழுகை மட்டும் வரவில்லை. இது இன்னும் நடந்து முடியாத காரியம் என்றே அவளுக்குப் பட்டது.

அவர் ரயில்வே பட்டறையில் பிட்டர். ஊருக்கு எஞ்சின் பூட்டுகிறவர் வீட்டில் ஓட்டை உடைசலோடுதான் குடித்தனம். பிரிக்பீல்ட்ஸில் அந்த வரிசைக்கே கரண்ட் வந்த புதிதில், ஒரு துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது நடந்த லேலாங்கில் ஏலம் கேட்டு அந்த மின்விசிறியைக் கொண்டுவந்து மாட்டினார். அன்றிலிருந்து அதற்கும் வீட்டுக்கும் ஒரு திட்டம் உண்டு. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 1933, எண்ணெய். 1934, பேரிங். 1935, வயர், அடுப்படிப் புகைக்கூண்டு. 1936, எண்ணெய், இறக்கை நிமிர்த்தணும். 1937, கூரை ஓடு. 1938, புதுசு. முப்பத்தெட்டில் அவருக்கு ரிட்டையர். வேலை முடிந்த வருஷத்துக்கு நேரே ஒரு சரி போடுவார். சீனப் பெருநாள் கழிந்து வெயில் ஏறும் முன்னே லீவு போட்டு மின்விசிறியைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார்.

இன்று காலையும் சண்டை அதைப்பற்றித்தான்.

"கட கடன்னு பல்லு கடிக்குது. இந்தக் கிழத்தத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கினா என்னவாம்?"

"முப்பத்தெட்டுலதான். கதவப் பாரு."

"அதுவரைக்கும் நான் வெந்து சாகணுமா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து மணிவாக்கில், அவள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, ஹாலிலிருந்து "ம்ம்... ம்ம்..." என்று கேட்டது. வேலையில் இருக்கும்போது அவர் பேச்சே அவ்வளவுதான். எண்ணெய்க் குப்பி வேண்டுமென்றாலும் முனகல், காப்பி வேண்டுமென்றாலும் முனகல். "வாயத் தொறந்து கேட்டா முத்து உதிர்ந்துருமா? நான் வர மாட்டேன் போங்க" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். இன்னொரு தடவை "ம்ம்" என்றது, கொஞ்சம் நீளமாக. மீனைத் திருப்பிப் போட்டாள். காப்பியோடு போய்ப் பார்த்தபோது தலையை மேசையில் சாய்த்திருந்தார். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சு நின்றுவிட்டது என்றார்.

"அஞ்சு மணிக்கு அடக்கம் வச்சிரலாம்மா. சாமியார்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் உபதேசியார் லியனார்ட், நெற்றியைத் துடைத்தபடி.

"டோரிஸு?" என்றாள் செசிலியா.

ஒரே மகள். சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். தந்தி போயிருந்தது. ராத்திரி மெயில் பிடித்தாலும் காலையில்தான் வந்து சேர்வாள்.

"நான் மாட்டேங்கலம்மா. இந்த வெயில பாரு, வீடு அடுப்பா கொதிக்குது. நாளைக்கு வரைக்கும் தாங்குமா? ஐஸ் வச்சாலும் காத்து இல்லாம பத்தாதுலா."

"எம்மவ அவரு மொகத்தப் பார்க்கணும்" என்றாள் செசிலியா. வேறு எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "மண்ணத்தான் பார்க்கணும்னா அவ எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அய்யாவு அப்போதுதான் வாயைத் திறந்தார். கிரிகரியோடு ஒரே பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவர். "ஃபேன் எங்க அண்ணி? நான் பூட்டித் தரேன். கீழ ஐஸ், மேல காத்து. காலைவரைக்கும் தாங்கும்."

செசிலியா பிஸ்கட் டின்னை நீட்டினாள். உள்ளே பார்த்த அய்யாவுக்கு முகம் விழுந்தது.

"ஐயோ, யாரு இதக் கலைச்சது?"

"நான்தான்."

அவர் தரையில் சாக்கு விரித்து, டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்துச் சேர்க்கத் தொடங்கினார். இரண்டு பேர் போய் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேசைக்கடியில் தொட்டியில் வைத்தார்கள். ஒரு மணி ஆகும்போது இறக்கை வரைக்கும் பூட்டியாகிவிட்டது. அய்யாவு மறுபடியும் சாக்கைத் தடவினார், டின்னைத் தட்டினார், செய்தித்தாளை உதறினார்.

"ஒண்ணு கொறையுது அண்ணி. தண்டோட சேர்த்துப் பிடிக்கிற ஸ்குரு. அது இல்லாம மாட்டினா சுத்துற சுத்துல தலைமேல வுழுந்துரும். பழைய சாமான், வேற ஸ்குரு இதுல ஏறாது."

வீடே குனிந்து தேடியது. மேசைக்கடி, பாய்க்கடி, வாசற்படி, அடுப்படிக் குப்பைக்கூடை. கிடைத்தபாடில்லை. லியனார்ட் கடிகாரத்தைப் பார்த்தார். குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டுமே என்று மகதலேனா அக்காவிடம் மெல்லச் சொன்னது செசிலியாவின் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவ பார்த்துடறேன்" என்று அய்யாவு மோட்டாரின் மூடியைத் திரும்பக் கழற்றினார். ஒரு ஸ்குருவை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். கையில் இடமில்லாமல் இரண்டையும் உதட்டுக்குள் போட்டுக்கொண்டு, செசிலியா பக்கம் திரும்பி, கீழே கிடந்த ஸ்பேனரைக் கண்ணால் காட்டி "ம்ம்... ம்ம்..." என்றார்.

காலையில் ஹாலிலிருந்து கேட்டதும் இதே முனகல்தான்.

அவள் மேசையருகே போனாள். கணவரின் இடது கன்னத்தை விரலால் தடவினாள். வலது கன்னத்தைத் தடவினாள். கடைவாய்ப் பக்கம், தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ இருந்தது.

"என்ன பண்ற செசிலியா? கட்டின துணிய அவுக்கக் கூடாது!" என்று மகதலேனா அக்கா ஓடி வந்தாள்.

"விடுங்கக்கா."

முடிச்சு இறுகியிருந்தது. தாடையும் இறுகத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டு நெம்பினாள். பித்தளைத் திருகு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

நெஞ்சு நிற்கும்போதும் மனிதர் அதைத் துப்பவில்லை. துப்பியிருந்தால் அவள் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை துப்பத் தெம்பில்லையோ என்னவோ. அந்த இரண்டாவது "ம்ம்" எவ்வளவு நீளமாக இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அடுப்படியிலிருந்து ஹாலுக்குப் பத்தடிகூட இல்லை. வந்திருக்கலாம். மீன் கருகினால் கருகிவிட்டுப் போகட்டும் என்று வந்திருக்கலாம்.

திருகை முந்தானையில் துடைத்து அய்யாவிடம் கொடுத்தாள். அவர் தன் வாயிலிருந்தவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். செசிலியா தாடைத் துணியைத் திரும்பவும் கட்டினாள், முன்னைவிடத் தளர்வாக.

இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றியது. காலையிலேயே கிரிகரி இறக்கையை நிமிர்த்தியிருந்ததால் பல்லைக் கடிக்கவில்லை.

மறுநாள் காலை டோரிஸ் வந்தாள். ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவள் செருப்போடு உள்ளே ஓடி, அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் முகமாகவே இருந்தது. வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலிருந்து வந்த காற்றில் அவள் தலைமுடி பறந்தது.

"கடைசியா அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

செசிலியா மகளின் பறந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"வேலையில இருந்தாரு" என்றாள்.

சவப்பெட்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தலைக்கு முக்காடு எடுக்க செசிலியா படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்தியபோது பென்சில் எழுத்துக்கு நேர் எதிரே நின்றாள். கூரை ஓடு. புதுசு. இந்த வருஷம், 1936-க்கு நேரே இடம் காலியாக இருந்தது. கதவு ஆணியில் நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து, அவர் செய்வதுபோல் நுனியை நாக்கில் தொட்டு, சின்னதாக ஒரு சரி போட்டாள்.