சுருளியில் சொன்ன சேதி

அருவிக்கு அடியில் நின்றபோது மூக்கம்மாளுக்கு மூச்சு முட்டியது. சித்திரை மாதத்தில் சுருளியில் தண்ணீர் அதிகம் இருக்காது. இருந்தாலும் விழுகிற இடத்தில் போய் நின்றால் யாரோ இரண்டு கையாலும் தலையில் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. சின்னவள் பேச்சியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பெரியவள் சுப்புத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாறைமேல் இருந்த குரங்குகள் எட்டிப் பார்த்தன. தங்கை பவுனு மட்டும் ஓரமாக, சாரல் படுகிற இடத்தோடு நின்றுகொண்டாள். "உள்ள வாடி, கரைஞ்சா போயிருவ?" என்று இவள் கத்தியதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். முந்தாநாள் ராக்கையா கூடலூர் போய் அவளை அழைத்துவந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு. பதினேழு வயதில் அப்படி ஒரு மூட்டம் வந்து போகும் என்று மூக்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

புருசன் ராக்கையா மேட்டில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து விடிவதற்கு முன்பே கூண்டுவண்டி பூட்டிக் கிளம்பியிருந்தார்கள். வண்டியில் புது வைக்கோல் பரப்பி, அதன்மேல் கல்யாணத்துக்கு வாங்கின ஜமுக்காளத்தை விரித்திருந்தான். வெயில் இறங்கும் பக்கம் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுசன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குரங்கு துவையல் உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ராக்கையா கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினான். பாசியில் கால் வழுக்கித் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தான். எழுந்து நின்று, குரங்கைப் பார்த்து, "தின்னு தாயி, நல்லாத் தின்னு" என்று கும்பிட்டான். மூக்கம்மாள் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த புளிச்சோறு புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச்சிக்கு அப்புறம் உண்டான இரண்டும் தங்காமல் போன பிறகு இப்படி அவள் சிரித்ததே இல்லை.

பவுனு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். பிள்ளைகளும் கூழாங்கல் பொறுக்க அவள் பின்னால் ஓடினார்கள். ராக்கையா ஒரு மாம்பழத்தை நறுக்கி முதல் துண்டை இவளிடம் நீட்டினான். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது, "மூக்கம்மா, ஒரு சேதி" என்றான்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மாம்பழத் துண்டோடு கை அப்படியே நின்றது. இரண்டு வருசத்துக்கு முன்னால் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப்போனபோதும் இதே குரல்தான். பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, இவள் கையில் ஒரு பொட்டலம் சேவைக் கொடுத்துவிட்டு, அவளுடைய அய்யா ஒச்சாண்டி சீதனமாகக் கொடுத்த காரிப் பசுவைத் தன் அக்கா வீட்டுக்கு ஓட்டிவிட்டதாகச் சொன்னான். சுற்றிலும் ஆயிரம் ஜனம். இவள் வாயில் இருந்த சேவை விழுங்கினாள். போன வருசம் குமுளி மலையேறிப் பெரியாற்று ஏரியைக் காட்டினான். கரையில் நின்று பிள்ளைகள் தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் சுப்புத்தாய் பள்ளிக்கூடம் போகவேண்டாம், மாட்டுக்குப் புல்லறுக்க ஆள் இல்லை என்றான். பக்கத்தில் யாரோ மலையாளத்துக் குடும்பம் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் இவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசலாம் என்றால், "அங்கனயே சொன்னேன்ல, நீயும் சரின்னுதானே இருந்த" என்று முடித்துவிட்டான்.

"கோவிச்சுக்காமக் கேளு" என்றான் ராக்கையா. கத்தியைத் துடைத்து மடக்கினான். "பேச்சி பொறந்து நாலு வருசமாச்சு. பெறகு ரெண்டும் தங்கல. உன்னயக் கொறை சொல்லல. நிலத்தப் பாக்க ஒரு ஆம்பளப் பிள்ள வேணும்ல? அசல்ல பொண்ணெடுத்தா உனக்குத்தான் நாளைக்குச் சங்கடம். அதான் உங்கய்யாகிட்டப் பேசினேன். பவுனையே தாரேன்னு சொல்லிட்டாக. வைகாசி பத்துல முகூர்த்தம்."

அருவிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது அவளுக்கு. கடைசியாக உண்டானது கலைந்தபோது மூன்று நாள் வெளிவேலையெல்லாம் விட்டுவிட்டு அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான் இவன். கஞ்சியை ஊட்டிவிட்டு, "நான் இருக்கேன்ல" என்று சொன்னான். அப்போதே இந்தக் கணக்கு அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்ததா?

"அவ?" என்று கேட்டாள்.

"அவளுக்கும் சம்மதந்தான்."

மூக்கம்மாள் எழுந்தாள். மாம்பழத் துண்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடைக்கு இறங்கிய வேகத்தில் பாசியும் கல்லும் காலுக்குத் தட்டுப்படவில்லை. பவுனு குனிந்து பித்தளைச் சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் அவள் கொண்டையைப் பிடித்து நிமிர்த்தி ஓங்கி ஓர் அறை விட்டாள். சட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது. பேச்சி வீறிட்டாள்.

"எந்தட்டுல சோறு தின்னுக்கிட்டே எங்குடியக் கெடுக்க வந்தியாடி? மூணு நாளா எம்மூஞ்சியப் பாக்காம ஊமையா இருந்தது இதுக்குத்தானா?"

பவுனு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அழவில்லை.

"நீதானக்கா கேட்டேன்னாக."

"என்னது?"

"நீதான் கேட்டேன்னு அய்யா சொன்னாக. உனக்கு ஒடம்பு முடியல, தங்கச்சிதான் வேணும்னு நீ அழுது சொல்லிவிட்டேன்னு சொன்னாக. மாட்டேன்னேன். கூடப்பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யமாட்டியான்னு ஆத்தா விளக்குமாத்தால அடிச்சா." கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு உம்மேலதான் கோவம். என்னயப் போயி நீ ஏன் கேட்டேன்னு. அதான் பேசல."

மூக்கம்மாளின் கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலையில் துடைத்தாள். தங்கையின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தது. இவளிடம் அவள் சம்மதம் என்று சொன்னார்கள். அவளிடம் இவள் சம்மதம் என்று சொன்னார்கள். புருசனும் பெற்றவனும் ஓரிடத்தில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, இந்தப் பொய்யை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உனக்குச் சம்மதமா, இல்லையா? எனக்காகச் சொல்லாத."

"வேணாங்க்கா. செத்தாலும் வேணாம்."

ராக்கையா மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தான். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "என்ன இங்கன சத்தம்? பிள்ளைக பயப்படுதுக பாரு."

"யோவ்!" என்றாள் மூக்கம்மாள்.

கல்யாணமாகிப் பத்து வருசத்தில் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் அத்தனையும் உதிர்ந்தது. அருவிக்கரையில் கம்பத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சேலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள்.

"மெல்லப் பேசு. ஆளுக பாக்குறாக" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்யா! ஆளுக பாப்பாக, இவ வாயப் பொத்திக்கிருவான்னுதான இம்புட்டுத் தூரம் வண்டி கட்டிக் கூட்டியாந்த? பசுவ ஓட்டினதத் திருவிழாவுல வச்சுச் சொன்ன. பிள்ளையப் பள்ளிக்கொடத்த விட்டு நிப்பாட்டினத ஏரிக்கரையில வச்சுச் சொன்ன. வீட்டுல வச்சுச் சொல்ல உனக்கு வாய் வராதா? எந்தங்கச்சிக்கு நான் தூது விட்டேனா? எப்ப விட்டேன்? சொல்லு, இத்தன பேரு இருக்காக, சொல்லு!"

அவள் குரல் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். ராக்கையாவுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. அவமானத்தில் அவன் இப்படிச் சிறுத்து நிற்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. அதைப் பார்த்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உங்கய்யாதான் அப்படிச் சொல்லுவோம்னாக" என்றான் கடைசியில்.

"அவுகளையும் கேப்பேன்."

பேச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சுப்புத்தாயையும் பவுனையும் ஒரு பார்வை பார்த்தாள். இருவரும் அவள் பின்னால் நடந்தார்கள் என்று சொல்லமுடியாது. அவள் நடந்த வேகத்தில் இழுபட்டார்கள். பாத்திரம், ஜமுக்காளம், மீந்த சோறு எல்லாம் அங்கேயே கிடந்தன. பத்து வருசத்தில் முதல்முறையாக அவற்றை அவனே அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு வரட்டும்.

சுருளிப்பட்டி தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் கம்பம் போய் அவளுடைய வீட்டுக்குப் போகும். இடது பக்கம் கூடலூர், அவளுடைய அய்யா வீடு. மூக்கம்மாள் அங்கே நின்றாள். உடம்பில் ஈரச் சேலை காய்ந்து விறைத்திருந்தது. ஒரு வீடு பொய் சொன்னவனுடையது. இன்னொன்று பொய் சொல்லிக் கொடுத்தவனுடையது. மூன்றாவதாக ஒரு வீடு இந்தப் பள்ளத்தாக்கில் அவளுக்கு இல்லை.

"எங்கனக்கா போறது?" என்றாள் பவுனு.

"கூடலூருக்கு."

"அடிப்பாக."

"அடிக்கட்டும். அடிச்சுட்டுப் பதில் சொல்லட்டும். மூஞ்சிக்கு நேரா நின்னு அவுக சொல்லணும், நான் எப்ப அழுதேன்னு."

இடது பக்கம் திரும்பி நடந்தார்கள். புளியமரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. செம்மண் கொதித்தது. சுப்புத்தாய் ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் தூக்கி வைத்து நடந்தாள். சுடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளில் பேச்சி தூங்கிப்போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. மூக்கம்மாள் திரும்பவில்லை.

வண்டி பக்கத்தில் வந்து அவர்கள் வேகத்துக்கு இறங்கியது. "ஏறு மூக்கம்மா. உனக்கு இல்லாட்டியும் பிள்ளைகளுக்காகவாவது ஏறு" என்றான் ராக்கையா. குரல் தணிந்திருந்தது. "வீட்டுல போயிப் பேசிக்கிருவோம்." அவள் நடந்தாள். அவன் வண்டியை மேற்குப் பக்கமாக ஒதுக்கி, அவர்களை ஒட்டியே ஓட்டினான். சாய்ந்த வெயிலில் கூண்டின் நிழல் நீண்டு நாலு பேர்மேலும் விழுந்தது. உள்ளங்கால் குளிர்ந்தது. சுப்புத்தாய் பெருமூச்சு விட்டது மூக்கம்மாளுக்குக் கேட்டது.

ஒரு பத்தடி அப்படியே போனார்கள். பிறகு மூக்கம்மாள் நின்று, வண்டியை முன்னே போகவிட்டு, அதற்குப் பின்னால் சாலையைக் கடந்து மறுபக்க வெயிலுக்குப் போனாள். பவுனும் கடந்தாள். ராக்கையா கயிற்றை இழுத்துப் பிடித்தான். மாடுகள் நின்றன.

நிழலுக்குள் சுப்புத்தாய் மட்டும் நின்றாள். அண்ணாந்து அய்யாவைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். வெயிலில் தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஆத்தாவைப் பார்த்தாள். பாவாடையை இரண்டு கையாலும் முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, நுனிக்காலால் அந்தக் கொதிக்கிற மண்ணில் குதித்துக் குதித்து ஓடினாள்.