இடவலம் மாறிய படம்

என் கருவி பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அதனால்தான் தம்பி மனைவி காலையில் போனில் அழுதபோது முதலில் எரிச்சல் வந்தது.

“அண்ணி, பாய்லர் குழாய் வெடிச்சதுக்கு அவர் வெல்டிங்தான் காரணம்னு மூணு நாள் முன்னாடி ரிப்போர்ட் வந்துச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு மீட்டிங். லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களாம். பாசிட்ரான்ல பாத்தாங்களாமே, உங்க லேப்தானே? அவர் உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு.”

எங்கள் லேப்தான். மாதிரிகள் வெறும் எண்ணோடு வரும். யாருடையவை என்று தெரியாது. அந்த வாரம் வந்த ஒரே குழாய்த் துண்டு ஏழாம் எண். பாதி குழாயும் பாதி வெல்டிங்குமான அதைப் பார்த்து, அணு விடுபட்ட வெற்றிடங்கள் அத்தனையும் வெல்டிங் பக்கம்தான் என்று கையெழுத்துப் போட்டவள் நானே. தம்பி பதினெட்டு வருஷமாக வெல்டர்.

பாசிட்ரான், எலக்ட்ரானுக்கு நேர் எதிர் மின்னூட்டம் கொண்ட துகள். கதிரியக்க உப்பிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் பாசிட்ரான்களை டங்ஸ்டன் தகட்டில் வேகம் குறைத்து, காந்த லென்ஸால் குவித்து, தலைமுடியைவிட மெல்லிய கற்றையாக உலோகத்தின் மேல் ஓட்டுவோம். அணு இல்லாத குழியில் பாசிட்ரான் சிக்கினால், அது எலக்ட்ரானோடு சேர்ந்து அழியச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை அளந்து படம் வரைவதுதான் எங்கள் பிழைப்பு.

சொந்தத் தம்பிக்காக முடிவை மாற்றிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. பக்கத்து மேசைக்காரரிடம் போனேன். எதையும் லேசில் நம்பமாட்டார் என்பதால் அவருக்கு ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்திருந்தோம். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

“ஏழாம் நம்பரை நீங்க திரும்பப் பாருங்க சார். நான் கிட்டக்கூட வரமாட்டேன்.”

அவர் துண்டின் இடது ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டார். கீறிய இடத்தில் அணுக்கள் கலைந்திருக்கும் என்பதால் அது படத்தில் தெரியும். நான் வைத்திருந்த அமைப்பில் எதையும் தொடாமல் கருவியை ஓடவிட்டார். நான் வராந்தாவைக் காலால் அளந்தேன்.

“இங்க வாங்க. கீறல் எந்தப் பக்கம் போட்டேன்?”

“இடது பக்கம்.”

“படத்துல பாருங்க.”

கீறல் வலப்பக்கம் இருந்தது.

பாசிட்ரான் சொற்பமாகத்தான் கிடைக்கும். அதனால் முதலில் எலக்ட்ரான்களைத் தாராளமாக விட்டுக் கற்றையைச் சரிசெய்துகொள்வோம். பிறகு பாசிட்ரானுக்கு மாறும்போது, கற்றையை இடவலமாக நகர்த்தும் சுருளில் மின்னோட்டத்தையும் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் இடவலம் மாறிப்போகும். அந்த ஒற்றை சுவிட்சை நான் மறந்திருந்தேன். வெற்றிடங்கள் வெல்டிங்கில் இல்லை. ஆலையிலிருந்து வந்த குழாயிலேயே இருந்தன.

“உங்களுக்கேவா?” என்று சந்தேகம் சிரித்தார். அவரை அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

சுவிட்சைத் திருப்பி மறுபடி ஓட்டி உறுதிசெய்தார். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். இருவர் கையெழுத்தோடு திருத்திய அறிக்கை இரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

“லைசென்ஸ் இருக்குக்கா.”

“தப்பு என்னோடதுடா. திட்டணும்னா நல்லாத் திட்டு.”

அவன் தீப்பொறித் தழும்புகள் நிறைந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“லைசென்ஸ் போனா வேற வேலை பாத்துக்கலாம்க்கா. ஆனா இத்தனை வருஷமா நான் வெல்டிங் வச்ச ஒவ்வொரு குழாயும் ஞாபகத்துக்கு வந்துச்சு. எது எப்ப வெடிக்குமோ, யார் பக்கத்துல நிப்பாங்களோன்னு மூணு நாளா கண்ணையே மூட முடியல. என் கை நல்ல கைதானேக்கா?”

“நல்ல கைதாண்டா,” என்றேன்.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசைமேலேயே தலை சாய்த்தான். தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி, அவன் தூங்கிவிட்டதைப் பார்த்து, சத்தம் வராமல் தம்ளரைக் கீழே வைத்தாள்.