ஐந்தாம் நாள்

மகள் ஆரபியைக் கொண்டுவந்து விட்ட நூனோ, எல்லிங்ஸ்ருட் என்ற இடத்திலுள்ள மிதுனாவின் வீட்டு வாசலில் நின்றபடியே தன் நாட்டிலிருக்கும் தாயோடு போர்த்துக்கேய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தான். மிதுனாவும் அவனும் பிரிந்து இரண்டு வருடம். மகளுக்கு அவன் எண்ணச் சொல்லிக்கொடுத்தபோது மிதுனாவும் எண்களோடு சில சொற்களும் பழகியிருந்தாள். "கிந்தா" என்றான். ஐந்தாவது. பிறகு, நானும் ஆரபியும் திரும்பி வரமாட்டோம் என்றான். மிதுனா ஒன்றும் விளங்காதவள்போல மகளின் சப்பாத்தைக் கழற்றினாள்.

நோர்வேயில் கிழமை திங்களில் தொடங்கும். ஐந்தாம் நாள் வெள்ளி. அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பி சுரேன் வீட்டில் ஒளித்து வைப்பது என்று முடிவெடுத்தாள். பயணத்தைத் தடுக்க வழி கேட்டபோது, வியாழன் மத்தியானம் வரச் சொன்னார் வழக்கறிஞர்.

அவரைச் சந்தித்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனாள். தகப்பன் காலையிலேயே வந்து, பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்று பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டார் என்றாள் ஆசிரியை. நூனோவின் தொலைபேசி அணைந்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் மிதுனா தான் கேட்டதைச் சொன்னதும், போர்த்துக்கேய மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். கிந்தா என்றால் வெள்ளி அல்ல, வியாழன் என்றாள் அவள். மிதுனா நம்பவில்லை. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். போர்த்துக்கேய மொழியில் நாட்களை எண்ணால்தான் சொல்வார்கள்; பழைய தெய்வங்களின் பெயர் நாட்களுக்கு ஆகாது என்று திருச்சபை அந்தக் காலத்திலேயே விலக்கிவிட்டதாம். ஆண்டவருக்குரிய ஞாயிறே முதல் நாள். அதிலிருந்து எண்ணினால் வியாழன்தான் ஐந்தாவது.

மிதுனா கூட வந்திருந்த சுரேனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திங்களிலயிருந்து எண்ணிப்போட்டன். நானேயடா அவளை வெளிக்கிடுத்தி அனுப்பினனான்."

அவர்கள் ஏறிய விமானம் ஏற்கெனவே நூனோவின் நாட்டில் இறங்கிவிட்டது. இனி நீதிமன்றம்தான், மாதக்கணக்காகும் என்றார் அதிகாரி.

வெளியே வந்து நூனோவின் தாய்க்கு அழைத்தாள். அந்த மனுசிக்கு நோர்வே மொழி தெரியாது. மகளின் பெயரைத் தவிர மிதுனாவுக்கும் சொல்ல எதுவும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் பிள்ளை அம்மா என்று அழுவது கேட்டது. நூனோ ஏதோ அதட்டினான். அப்போது அந்த மனுசி ஒரு சொல் சொன்னாள். மகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது நூனோ சொல்லும் சொல். வா.

தொடர்பு அறுந்தது.

"நான் போகவேணும்," என்றாள். கதவு திறப்பார்களா, பிள்ளையை அதற்குள் வேறெங்காவது கொண்டுபோய்விடுவானா என்று எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஓம் அக்கா, நானும் வாறன்," என்ற சுரேன், விமானம் தேடத் தொடங்கியிருந்தான்.