தொப்பிக்குக் கண் இல்லை

சுரங்கத்தை நம்பிப் பிழைத்த அந்த ஸ்காட்லாந்து ஊரில், பிள்ளைகளுக்குப் பள்ளியில் பால் கொடுத்தால் உடம்பு தேறுமா என்று சோதித்துச் சொல்லும்படி நகரசபை கேட்டது. தேறினால் எல்லாருக்கும் பால். இல்லாவிட்டால் யாருக்கும் கிடையாது.

டாக்டர் ரான்கின் தன் தொப்பியில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பாதிப் பேருக்குக் குளிர்காலம் முழுக்கப் பால், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. குலுக்கிப் பிரித்தால் நோஞ்சானும் தடியனும் இரு பக்கமும் சமமாகவே விழுவார்கள், கடைசியில் ஒருமுறை எடை பார்த்தால் போதும் என்பது அவர் கணக்கு.

"தொப்பிக்குக் கண்ணு கிடையாது மிஸ் கெடெஸ். அதான் அதுக்கிட்ட வேலையைக் குடுத்திருக்கேன்" என்று சிரித்துவிட்டு, பிரித்த சீட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வகுப்பாசிரியை எல்ஸ்பெத் கெடெஸுக்குக் கண் இருந்தது, அதுதான் வினை. கசாப்புக்கடைக்காரர் மகன், கன்னம் உப்பிய பயல், அவனுக்குப் பால். தகப்பனுக்கு வேலை போன எஃபிக்கு, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறவளுக்கு, இல்லையாம். மனசு கேட்கவில்லை. இருவர் சீட்டையும் மாற்றினாள். பிறகு மற்ற நோஞ்சான்களையும் ஒவ்வொருவராகப் பால் பக்கம் தள்ளினாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

வசந்தத்தில் டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"பால் குடிச்ச பசங்கதான் எடை கம்மி. சபையில ஒரே சிரிப்பு. பாலை நிறுத்தப் போறாங்க."

எல்ஸ்பெத் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நான்தான் டாக்டர்... சீட்டை மாத்திட்டேன்."

"யாரோடதை?"

"எலும்பு தெரிஞ்ச புள்ளைங்க எல்லாரோடதையும்."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நல்ல மனசும்மா உங்களுக்கு" என்றார். "அந்த நல்ல மனசால ஊர்ப் புள்ளைங்க அத்தனை பேர் வாயிலயும் மண்ணு விழப் பாத்துச்சு."

சபையிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த குளிர்காலத்துக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினார். இம்முறை சீட்டு எடுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார். அது தண்டனையா நம்பிக்கையா என்று அவளுக்குக் கேட்கத் துணிவில்லை. எஃபியின் பெயர் பால் இல்லாத பக்கம் விழுந்தது. எல்ஸ்பெத் அதை அப்படியே உரக்க வாசித்தாள்.

"மிஸ், போன தடவை எனக்கு உண்டே?"

"இந்தத் தடவை இல்லடா கண்ணு."

"சரி மிஸ்."

மற்றவர்கள் குடித்து முடித்ததும் குவளைகளைச் சேகரித்து அடுக்கியது எஃபிதான். ஒன்றின் அடியில் கொஞ்சம் பால் மிச்சமிருந்தது. அதை வாயருகே கொண்டுபோனவளின் கையிலிருந்து எல்ஸ்பெத் குவளையை வாங்கிக்கொண்டாள்.