ஏலக்காரர் மூன்றாம் தரம் சொல்லாத கதை

ஏலக்காரர் வாயைத் திறந்தால் மூன்று தெரு தள்ளியிருக்கும் மரத்துக் காக்கைகள் இடம் மாறி உட்காரும். காய்கறி மண்டியில் காலையில் அவர் முதல் கூடையைக் கூவும்போது, காயாக வந்த தக்காளி பயத்திலேயே பழுத்துவிடும் என்பார்கள் சுமைக்காரர்கள். அது கொஞ்சம் மிகை. பாதித் தக்காளிதான் பழுக்கும்.

குரலைவிடப் பெரிய வித்தை அவருடைய கண். ஏலம் கேட்க வருகிற எவனும் மனதில் உள்ளதை முகத்தில் காட்டமாட்டான். ஆனால் வெங்காய வியாபாரி இன்னொரு படி ஏறத் துணியும்போது இடது கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் மெல்ல மடக்குவார். முட்டைக்கோஸ்காரர் எதுவும் இல்லாத வானத்தை நிமிர்ந்து பார்ப்பார். ஏலக்காரர் கண்ணுக்கு அதெல்லாம் விளம்பரப் பலகை மாதிரி. "மண்டியில நமக்குத் தெரியாம ஒரு கொசு தும்ம முடியாது" என்று சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஒரு விஷயம் தெரியாமல் போனது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் பதினைந்து வயது மகள் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டையோடு வீட்டுக்குள் நடமாடினாள். பிறந்தபோது ஒரு கைப்பிடிக்குள் அடங்கியவள் என்பதால் அவளுக்குக் கடுகு என்று பெயர் விழுந்திருந்தது. காரத்துக்கும் குறைவில்லாதவள்தான். அந்தக் காரம் எப்போது அடங்கிப்போனது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தவள் அவர் மனைவி. அதே மண்டியில் எடைமேடையில் லாரி நிறுப்பவள். எத்தனை மூட்டை பொய் சொல்கிறார்கள் என்பதை டயரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பாத்திரம் கழுவும்போது மகளின் சட்டைக்கை ஈரத்தில் மேலே ஏறியதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் கணவரை எடைமேடைக் கூண்டுக்குள் கூப்பிட்டு, கண்ணாடிச் சன்னலைச் சாத்தினாள்.

"ஏங்க, கடுகு தன்னைத்தானே காயப்படுத்திக்கிறா. கையில. புதுசும் இருக்கு, பழசும் இருக்கு."

அன்று மண்டியில் ஏலம் பாதியில் நின்றது. ஏலக்காரர் ஒரு கூடை பூசணிக்காய் முன்னால் நின்றுகொண்டு, அதன் பெயரே மறந்துபோனவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பெரிய தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நாலு கடைகள் கதவை இறக்கிவிட்டன.

சாயங்காலம் வீட்டில் மகளை எதிரே உட்காரவைத்தார். வேறொரு அப்பனாக இருந்தால் திட்டியிருப்பான், அழுதிருப்பான். அவர் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தார்.

"இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு கடுகு. நல்ல பேனா செட்டு வாங்கித் தரேன்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி, பேனாவோட பையும் சேத்து."

தரை.

"கைக்கடிகாரம்! ஹெட்போன்! நாய்க்குட்டி! ரெண்டு நாய்க்குட்டி!"

"அப்பா, என்ன, ஏலம் விடுறீங்களா?"

"சைக்கிள்! கியர் வெச்சது!"

அவள் நிமிர்ந்தாள். சைக்கிள் மேல் ஆசை பிறந்து நிமிரவில்லை. இதை முடித்துவைத்தால் அறைக்குப் போகலாம் என்று தெரிந்து நிமிர்ந்தாள். செருப்புக்குள் மடங்கும் கட்டைவிரலைப் படிக்கிறவர், கண்ணுக்கு நேரே இருந்த அதைப் படிக்கவில்லை.

"சரிப்பா. சத்தியமா செய்ய மாட்டேன்."

"முடிஞ்சது!" என்று ஏலக்காரர் தொடையில் தட்டினார். மறுநாளே சைக்கிள் வந்தது. சிவப்பு நிறம், வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. அண்டை வீட்டு நாய்கள்கூட வந்து முகர்ந்துவிட்டுப் போயின. கடுகு மட்டும் அதன்மேல் ஏறவே இல்லை.

சில வாரம் கழித்து அம்மா புதுக் காயங்களைக் கண்டுபிடித்துச் சொன்னாள். இந்தத் தடவை கையில் இல்லை, சட்டென்று யார் கண்ணிலும் படாத இடத்தில். ஏலக்காரர் வாயிலிருந்து முதலில் வந்து விழுந்த வார்த்தை இதுதான்:

"சைக்கிள் வாங்கித் தந்தேனே!"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் குரல் எங்கே திரும்பி வரும்? மூன்று தெரு போய்விட்டுத்தான் வரும். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பின் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறந்தாள்.

அம்மா போய் விசாரித்தபோது பள்ளி நர்ஸ் அனுப்பிவைத்த இடத்தில் ஓர் ஆலோசகர் இருந்தார். நரைத்த குட்டை முடி, சட்டைப்பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய். அறையில் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் அட்டை மடித்து வைத்திருந்தார்கள். முதலில் கடுகிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டார். ஆடும் நாற்காலி ஏலக்காரருக்கு வாய்த்தது.

"சத்தியம் வாங்கினீங்களாமே சார்?"

"வாங்கினேன் மேடம். சைக்கிள் கொடுத்து."

"சைக்கிள்லயே ஆரம்பிச்சீங்களா?"

"இல்ல, பேனாவுல."

ஆலோசகர் சிரித்துவிட்டார். அப்புறம் ஆளுக்கொரு இஞ்சி மிட்டாய் கொடுத்தார்.

"அவ உங்களைப் பயமுறுத்த இதைச் செய்யல சார். உள்ள ஏதோ ஒண்ணு தாங்க முடியாமப் பொங்குது. அதை அடக்க அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி இது. மோசமான வழிதான். ஆனா வேற வழி கைக்கு வர்றதுக்கு முன்னாடி 'விட்டுடு, விட்டுடு'ன்னா, அவ இதை விடமாட்டா. உங்ககிட்ட சொல்றதைத்தான் விடுவா."

"அப்ப சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா. லாரி டிரைவர்களிடம் பேசுகிற குரல் அது.

"சும்மா எங்க இருக்கப் போறீங்கம்மா? காயத்துக்கு மருந்து போடணும், திட்டாம. எதெல்லாம் அவ கைக்கெட்டாம இருக்கணும்னு அவகிட்டயே பேசி எடுத்துவைங்க. அவ இல்லாதப்போ அறையைக் குடையாதீங்க. வாராவாரம் இங்க கூட்டிட்டு வாங்க, நானும் அவளும் வேற வழிகளைத் தேடிட்டிருக்கோம். உயிரோட இருக்கவே பிடிக்கலங்கிற மாதிரி பேசினா மட்டும் ஒரு நிமிஷம் தள்ளிப்போடாதீங்க. அவளைத் தனியா விடாம எனக்குப் போன் பண்ணுங்க, இல்ல நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சரி, நீங்க ரெண்டு பேரும் தூங்குறீங்களா?"

அதை யாரும் கேட்டிருக்கவில்லை. மலை மாதிரி லாரிகளை அசராமல் நிறுத்துப் போட்டவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏலக்காரர் அவள் முதுகைத் தடவினார். நாற்காலி டக்கு டக்கென்று ஆடியது.

"எங்க வளர்ப்புலதான் ஏதோ..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அந்த வழக்கை அப்புறம் விசாரிக்கலாம் சார். இப்ப ஒண்ணு சொல்லுங்க. ஏலத்துல யாரும் வாயே திறக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லி முடிச்சிடுவேன்."

"மூணாவதைச் சொல்லலன்னா?"

ஏலக்காரர் விழித்தார். நீ மூச்சு விடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்ட மாதிரி இருந்தது. "ஏலம் அப்படியே நின்னுபோகும் மேடம்."

"நிக்கட்டுமே. அவ பக்கத்துல உக்காருங்க. கையில ஏதாவது வேலை வெச்சுக்குங்க, அவ மூஞ்சியையே பாத்துட்டிருக்காதீங்க. கேக்கணும்னா ஒண்ணு கேளுங்க. பதில் வரலன்னா, அடுத்த கேள்வி கிடையாது. வேணும்னா மனசுக்குள்ள ரெண்டு தரம் சொல்லிக்குங்க. மூணாவது மட்டும் கூடாது."

அன்றிலிருந்து ஏலக்காரர் பட்டபாடு இருக்கிறதே, பேச்சைத் தின்று உயிர் வாழ்கிறவரைப் பட்டினி போட்ட கதைதான். மண்டியிலிருந்து தினமும் ஒரு பை பச்சைப் பட்டாணி வாங்கிவந்து, கூடத்தில் மகளின் அறைக்கதவுக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்து உரித்தார். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கதவைப் பார்த்து ஒரு கேள்வி. பதில் வராது. மனதுக்குள், ஒரு தரம். ரெண்டு தரம். தொண்டைக்குள் மூன்றாம் தரம் முட்டும் முட்டில் காது இரண்டும் சிவந்துபோகும். வீட்டில் பட்டாணி மலையாகக் குவிந்தது. மனைவி பட்டாணியில் தெரிந்ததையெல்லாம் சமைத்துத் தீர்த்து, தெரியாததையும் சமைத்துப் பார்த்தாள்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த கடுகு நின்றாள்.

"அப்பா, டாக்டர் யாராச்சும் உங்களைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

"ஆமா."

"தொண்டைக்கா?"

"புத்திக்கு."

அவள் உதடு ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஏலக்காரருக்கு அது மண்டியையே விலைக்கு வாங்கிய மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு மாலை. மழை வருமா வராதா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அறைக்கதவு தானாகத் திறந்தது. கடுகு நின்றாள், இரண்டு சட்டைக்கையையும் விரல் நுனி வரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"அப்பா... இன்னைக்கு முடியல."

ஏலக்காரரின் நெஞ்சுக்குள் ஒரு மண்டியே ஒரே நேரத்தில் கூவியது. ஆனாலும் கையிலிருந்த பட்டாணித் தட்டைச் சற்று நகர்த்தினார், அவ்வளவுதான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு தரம். ரெண்டு தரம்.

வெகுநேரம் கழித்து அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கிளாஸ்ல என்னை ஏலம் விட்டாங்கப்பா."

அவர் கை நின்றது.

"பெஞ்சு மேல நிக்கவெச்சு. உங்களை மாதிரியே குரல் வெச்சுக்கிட்டு. ஒரு தரம், ரெண்டு தரம்னு. யாருமே கேக்கல. எல்லாரும் சிரிச்சாங்க." ஒரு பட்டாணித் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளினாள். "நானும் சிரிச்சேன்."

அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரையை வாசலில் நின்றே பெயர்த்தெடுக்கிற குரல் அவரிடம் இருந்தது. 'நான் கேட்டிருப்பேனே கண்ணு, என்ன விலைன்னாலும் கேட்டிருப்பேனே' என்ற சொல்லும் தொண்டை வரை வந்துவிட்டது. எந்த அப்பனும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அவளுக்கு விலை சொன்னால் அதுவும் ஏலம்தானே என்று உறைத்தது. கல்லை விழுங்குவதுபோல விழுங்கினார்.

"ம்" என்றார். அவர் ஆயுளில் அவ்வளவு சின்னதாக எதையும் கூவியதில்லை.

"அது மட்டும் இல்லப்பா. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. உள்ள வந்து அப்படியே அடைச்சுக்கும்." பிறகு, "என்னை நெனைச்சா உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இல்ல. பயமா இருக்கு. அது வேற."

அவள் தலையை அவர் தோளில் சாய்த்தாள். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்காமல் மகளின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து, தட்டை மூவருக்கும் நடுவில் இழுத்துவிட்டாள். மூன்று பேரும் உரித்தார்கள். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது.

"அம்மா, கருகுது."

"கருகட்டும். பட்டாணிதான்."

கடுகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகை ஓய்ந்தபோது, இழுத்துப் பிடித்திருந்த சட்டைக்கையை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இப்ப கொஞ்சம் இறங்கிடுச்சு" என்றாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து அவளே முடிவு செய்தாள். வகுப்பாசிரியரைப் பார்க்கப் போன அன்று ஏலக்காரர் சத்தமே போடவில்லை. அங்கே மின்விசிறி ஓடும் சத்தம்கூடக் கேட்டதாம்.

இத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் அதுதான் உண்மையான புளுகு. மழைக்காலம் முடியும் முன்பே ஒருநாள் அவள் மறுபடியும் காயப்படுத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, அம்மாவிடம் வந்து கையை நீட்டினாள். "நேத்து முடியலம்மா. மருந்து போட்டு விடு." அம்மா திட்டாமல் போட்டுவிட்டாள். அழுகையெல்லாம் எடைமேடைக்குப் போன பிறகு.

"தானா வந்து சொன்னாளா?" என்று ஆலோசகர் இருவருக்கும் இரண்டிரண்டு இஞ்சி மிட்டாய் கொடுத்தார். "இதைத்தான் எதிர்பாத்துட்டிருந்தோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கடுகு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, இதைத் திருப்பிக் கொடுத்துடலாம். நான்தான் சத்தியத்தைக் காப்பாத்தலையே."

"சத்தியத்துக்கா வாங்கினேன்? உனக்கு ரெண்டு கால் இருக்குல்ல, அதுக்கு வாங்கினது."

"அன்னைக்கு அப்படிச் சொல்லலையே?"

"அன்னைக்கு எனக்குப் புத்தி இல்ல. டாக்டர் சொன்னாரே."

அவள் டயரை அமுக்கிப் பார்த்தாள். "காத்தே இல்ல."

ஏலக்காரர் எழுந்துபோய்ப் பம்பைக் கொண்டுவந்தார். அவள் வாங்கி, தானே அடித்தாள். ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, தெருக்கோடி வரை பார்த்தாள். சீக்கிரம் வந்துடு, பார்த்துப் போ, மூலையில் லாரி வரும் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் அவர் வாய்க்குள் வரிசைகட்டி நின்றன.

ஒரு தரம், என்று மனதுக்குள் சொன்னார். ரெண்டு தரம்.

சிவப்புச் சைக்கிள் தள்ளாடிக் கிளம்பி, மூலையில் திரும்பி மறைந்தது. ஏலக்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்து, பட்டாணிப் பையைப் பிரித்தார்.